பார்ட்டி பணம் தராமல் இழுத்தடித்தால்: ஓசூர், கிருஷ்ணகிரி சிறு யூனிட்டுகளுக்கு நிலுவை வசூல் வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் இரண்டு மூன்று வி.எம்.சி. மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர், கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி தயாரித்துத் தருபவர், பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுபவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். சரக்கு போய்விட்டது, பில்லும் போய்விட்டது, பணம் மட்டும் வரவில்லை. கேட்டால் "அக்கவுன்ட்ஸில் இருக்கிறது, அடுத்த வாரம் பாருங்கள்" என்ற பதில்தான்.

இதற்கு வழி 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. பலருக்கு இது தெரியும். ஆனால் இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்க மாநில அரசு அமைத்த கவுன்சிலில் முதலில் மனுவைப் போட்டுவிட்டு, அப்புறம் காகிதம் தேடுகிறார்கள். அங்கேதான் தடுமாறுகிறார்கள். வரிசை மாறினால் நியாயமான பாக்கியும் நிற்காது. அதனால் இந்த வரிசையிலேயே போங்கள்.

1. இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா?

முதல் வேலை, உங்கள் உத்யம் சான்றிதழை (குறு, சிறு, நடுத்தர நிறுவனமாக மத்திய அரசிடம் பதிந்ததற்கான சான்று) எடுத்து மூன்று விஷயங்களைப் பார்ப்பது.

ஒன்று, வகை. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்புப்படி, இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு. முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு.

இரண்டு, தொழில். சான்றிதழில் உற்பத்தியோ சேவையோ இருக்க வேண்டும். மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம் என்று மட்டும் பதிந்திருந்தால், அந்தப் பதிவு வங்கிக் கடன் சலுகைக்குத்தான் உதவும், பாக்கி வசூலுக்கு உதவாது. அவசரத்தில் பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தவர்களுக்கு, பட்டறையே வைத்திருந்தும் 'டிரேடிங்' என்று விழுந்திருப்பதைப் பார்க்கிறேன். இன்றே உள்ளே போய்த் திருத்துங்கள், கட்டணம் கிடையாது.

மூன்று, தேதி. சான்றிதழ் வாங்குவதற்கு முன்பு அனுப்பிய சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் இல்லை என்று 2021லும் 2022லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இன்னும் பதியாதவர்கள் அடுத்த சரக்கு கேட்டைத் தாண்டுவதற்குள் பதிந்துவிடுங்கள்.

கட்டடம் கட்டுவது, ஷெட் எழுப்பித் தருவது போன்ற ஒப்பந்த வேலைகளை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரும்போது நீதிமன்றத்தில் எதிர்ப்பு வரும். அந்த வகை பாக்கிக்கு ஆரம்பத்திலேயே வக்கீலைப் பார்ப்பது நல்லது.

2. பி.ஓ.வில் (பர்சேஸ் ஆர்டரில்) கெடுவைப் பாருங்கள்

எழுத்தில் கெடு இருந்தால் அந்தக் கெடு செல்லும், ஆனால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போக முடியாது. பி.ஓ.வில் 60 நாள், 90 நாள் என்று அச்சடித்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தின் முன் அது 45 நாள்தான். எழுத்தில் எதுவுமே இல்லை என்றால் 15 நாள். "நாங்கள்தான் 90 நாளுக்கு ஒத்துக்கொண்டோமே" என்று பேசாமல் இருந்துவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போனில் சொல்லித்தான் ஆர்டர் வருகிறதா? பரவாயில்லை. அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று போனில் சொன்னபடி இந்தப் பாகம், இத்தனை எண்ணிக்கை, இந்த விலை, 30 நாளில் பணம்." அவர்கள் பதில் போடாவிட்டாலும், என்ன பேசினீர்கள் என்பதற்கு அந்தத் தேதியிலேயே ஒரு பதிவு இருக்கும்.

பில்லில் உத்யம் எண்ணையும் குறு அல்லது சிறு என்ற வகையையும் அச்சடியுங்கள். நீங்கள் சிறு நிறுவனம் என்பதே எங்களுக்குத் தெரியாது என்று பார்ட்டி பின்னால் சொல்ல முடியாது.

பார்ட்டியின் ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால் அந்த கம்பெனி டிரெட்ஸ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அதில் உங்கள் பில்லை ஏற்றி அவர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டால், வங்கி ஒரு சிறு கழிவு போக மீதியைக் கொடுத்துவிடும். உறவு கெடாமல் பணம் வரும் வழி இது, முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

3. சரக்கு போன முதல் 15 நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கவுன்சிலில் எதிர்த்தரப்பு சொல்லும் காரணம் பெரும்பாலும் "சரக்கு சரியில்லை" என்பதுதான். அதற்கான பதில் இந்தப் பதினைந்து நாளில் தயாராகிறது.

சட்டம் சொல்வது இது. சரக்கு கைக்குப் போய் 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், டெலிவரி ஆன நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். எழுத்தில் குறை சொல்லியிருந்தால், அந்தக் குறையை நீங்கள் சரிசெய்து கொடுத்த நாள்தான் ஏற்ற நாள்.

அதனால் டெலிவரி நாளை நிரூபிக்கும் காகிதம் வேண்டும். டி.சி.யில் (சரக்கோடு போகும் டெலிவரி சலானில்) கேட் செக்யூரிட்டி சீல் மட்டும் இருந்தால் போதாது. ஸ்டோர்ஸ் சீல், கையெழுத்து, தேதி, எண்ணிக்கை நான்கும் வேண்டும். டிரைவர்கள் அவசரத்தில் கேட் சீலோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த சீல் வண்டி உள்ளே போனதைத்தான் காட்டும், 500 பீஸ் இறங்கியதைக் காட்டாது. முடிந்தால் ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததாக அவர்கள் ஸ்டோர்ஸில் போடும் ரசீது) நகலும் கேட்டு வாங்குங்கள்.

நம் கைக்கு வருவது பெரும்பாலும் மூன்றாவது கார்பன் நகல். ஒரு வருடத்தில் எழுத்து வெளிறிப்போகும். கிரானைட்காரர்களின் எடைமேடைச் சீட்டு அதற்கு முன்பே வெள்ளைத்தாளாகிவிடும். வண்டி திரும்பிய அன்று மாலையே போட்டோ எடுத்து, பில் எண்ணைப் பெயராகக் கொடுத்து சேமித்து வையுங்கள்.

'பரிசோதனைக்கு உட்பட்டுப் பெறப்பட்டது' என்று ஒரு முத்திரை குத்துவார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பரிசோதித்துக் குறையை எழுத்தில் சொல்ல வேண்டிய கெடு அந்த முத்திரையால் நீளாது.

ஜாப் ஒர்க்கில் இன்னொரு சிக்கல். மூலப்பொருள் அவர்களுடையது, நாம் கூலிக்கு மட்டும் பில் போடுகிறோம். அதனால் உள்ளே வந்த டி.சி., வெளியே போன டி.சி., மிச்சம் இருக்கும் பொருள், சுருள் கழிவு எல்லாம் கணக்கில் நேராக வேண்டும். நேராகவில்லை என்றால் "எங்கள் மெட்டீரியல் உங்களிடம் பாக்கி" என்று எதிர்க்கோரிக்கை வரும். கவுன்சில் முன் வாங்குபவர் எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. மாதம் ஒருமுறை மெட்டீரியல் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் கேளுங்கள்.

உண்மையிலேயே ரிஜெக்‌ஷன் வந்தால் மறைக்காதீர்கள். எத்தனை பீஸ், என்ன குறை, எந்தத் தேதியில் திருத்தி அனுப்பினீர்கள் என்று எழுத்தில் பதில் போடுங்கள். ஐந்து மாதம் கழித்து பில் தொகையைக் குறைக்க ஒரு டெபிட் நோட் வந்தால் அதையும் சும்மா கோப்பில் வைக்கக் கூடாது. "15 நாளுக்குள் எழுத்தில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை, இந்த டெபிட் நோட்டை ஏற்கவில்லை" என்று உடனே பதில் எழுதுங்கள். பதில் எழுதாத டெபிட் நோட்டை ஏற்றுக்கொண்ட டெபிட் நோட்டாகத்தான் அவர்கள் காட்டுவார்கள்.

4. கெடு நாளும் வட்டியும்

மார்ச் 10 அன்று சரக்கு இறங்கியது, குறை எதுவும் எழுத்தில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் 45 நாளோ அதற்கு மேலோ கெடு இருந்தால் ஏப்ரல் 24க்குள் பணம் வர வேண்டும், வட்டி ஏப்ரல் 25 முதல். எழுத்தில் கெடுவே இல்லை என்றால் மார்ச் 25 கடைசி நாள், வட்டி மார்ச் 26 முதல்.

வட்டி விகிதம், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு. மாதா மாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. ரெப்போ ரேட்டை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள், அது தவறு. பேங்க் ரேட் தனி எண். ஒப்பந்தத்தில் 'வட்டி கிடையாது' என்று எழுதியிருந்தாலும் இந்த வட்டி உண்டு.

பேங்க் ரேட் 5.5 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 16.5, மாதத்துக்கு 1.375 சதவீதம். 4,00,000 ரூபாய் பாக்கிக்கு முதல் மாதம் 5,500. ஆறு மாதத்தில் மொத்தம் 4,34,155, ஒரு வருடத்தில் 4,71,227. இடையில் ரேட் மாறியிருந்தால் அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த ரேட்.

பில் வாரியாகத் தனித்தனி வரிசை போடுங்கள். லெட்ஜரின் கடைசி இருப்பை எடுத்து மொத்தமாக வட்டி போட்டால், எந்த பில்லுக்கு எந்த நாள் என்ற கேள்விக்கே பதில் இருக்காது.

பார்ட்டி நடுவில் ரவுண்டாக 2 லட்சம் அனுப்பியிருப்பார், எந்த பில்லுக்கு என்று சொல்லியிருக்க மாட்டார். அப்படிச் சொல்லாதபோது எந்த பில்லுக்கு வரவு வைப்பது என்பதை ஒப்பந்தச் சட்டம் உங்களிடம் விடுகிறது. பழைய பில்லுக்கு வரவு வைத்து, அன்றே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.

5. மனுவுக்கு முன் ஒரு கடிதம்

சட்டப்படி நோட்டீஸ் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அனுப்புங்கள், நிறையப் பாக்கி இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும். பர்சேஸ் மேனேஜருக்கு அனுப்பிப் பலன் இல்லை, அவர் கையில் பணம் இல்லை. கம்பெனியின் பதிவு முகவரிக்கு, ஃபைனான்ஸ் தலைவரும் இயக்குநர்களும் பார்க்கும்படி, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். பில் பட்டியல், கெடு நாள், வட்டிக் கணக்கு, அப்புறம் இந்த மூன்று விஷயங்கள்:

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். தாமத வட்டியை எப்போதுமே செலவாகக் காட்ட முடியாது.

ஜி.எஸ்.டி.யில், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த பில்லுக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை (பில்லில் உள்ள வரிக்கு எடுத்த கழிவை) பார்ட்டி திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியோடு.

45 நாளைத் தாண்டிய பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், அரையாண்டுக்கு ஒருமுறை எம்.எஸ்.எம்.இ.-1 படிவத்தில் அதைக் காரணத்தோடு அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த மூன்றும் அவர்களுடைய ஆடிட்டரின் கண்ணில் படும். ஆடிட்டர் கேட்கும் கேள்விக்கு அக்கவுன்ட்ஸ் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கூடவே பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் (இவ்வளவு பாக்கி என்று அவர்கள் எழுதித் தரும் ஒப்புதல்) கேளுங்கள். பாக்கி வசூலுக்குப் பொதுவான காலவரம்பு மூன்று வருடம். அது முடிவதற்குள் அவர்கள் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக எண்ணப்படும். ஆனால் அவர்கள் அனுப்பும் தாளில் 'முழுவதும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாதிப் பணத்தைக் கொடுத்து இந்த வரியில் கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம்.

"மனு போட்டால் அடுத்த ஆர்டர் வராதே" என்ற பயம் நியாயமானது. ஒரே பார்ட்டியை நம்பி ஓடும் யூனிட்டுக்கு அது பெரிய முடிவு. என் கருத்தைச் சொல்கிறேன்: பாக்கி உங்கள் மூன்று மாத விற்றுமுதலைத் தாண்டிவிட்டால், அந்த ஆர்டரை நீங்கள் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தில் புதுச் சரக்கை நிறுத்திவிட்டுப் பேசுவதுதான் சரி.

6. மனு தாக்கல்

மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. சமாதான் தளத்தில் தொடங்குங்கள். 2025 ஜூனில் இணையவழித் தகராறு தீர்வுக்கென்று ஓ.டி.ஆர். தளமும் வந்துவிட்டது. புது மனு எதில் போக வேண்டும் என்பதை சமாதான் முகப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உத்யமில் கொடுத்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண் பழைய ஊழியருடையதாக இருந்தால் முதலில் மாற்றுங்கள்.

ஓசூர்காரர்களுக்கு முக்கியமான விஷயம்: பார்ட்டி பொம்மசந்திராவிலோ பீன்யாவிலோ இருந்தாலும் நீங்கள் கர்நாடகாவுக்கு அலைய வேண்டாம். விற்பவர் இருக்கும் இடத்தின் கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு, வாங்குபவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. பி.ஓ.வில் 'பெங்களூரு நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டது' என்று இருந்தாலும் அந்த அதிகாரம் போகாது. தனி நடுவர் என்று இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாங்குபவர் பெயரில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். போர்டில் இருக்கும் பெயர், குரூப் பெயர், மேனேஜர் பெயர் எதுவும் வேண்டாம். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் சட்டப்படியான பெயர் வரும், அதை எழுத்து மாறாமல் போடுங்கள். ஒரே குரூப்பில் இரண்டு கம்பெனி இருந்து, பி.ஓ. ஒன்றிடமிருந்தும் பில் இன்னொன்றின் பெயரிலும் இருந்தால், மனுவுக்கு முன்பே இந்த முரணுக்கு விளக்கம் எழுதி வையுங்கள்.

சேர்க்க வேண்டியவை: உத்யம் சான்று, பி.ஓ. அல்லது ஆர்டர் மின்னஞ்சல், பில், டி.சி., இ-வே பில், லெட்ஜர், வங்கிக் கணக்கு அறிக்கை, வட்டிப் பட்டியல், அனுப்பிய கடிதமும் தபால் ரசீதும். பில் 1க்கு உரிய எல்லாக் காகிதமும் ஒன்றாக, பிறகு பில் 2 என்று அடுக்குங்கள். பி.ஓ. எல்லாம் ஒரு கட்டு, டி.சி. எல்லாம் ஒரு கட்டு என்று கொடுத்தால் படிப்பவர் பொருத்திப் பார்க்க மாட்டார். சந்தேகம் இருந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் தாக்கலுக்கு முன்பே ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

7. சமரசமும் விசாரணையும்

கவுன்சில் முதலில் சமரசத்துக்கு அழைக்கும். அது முறிந்தால்தான் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் அதைத் தாண்டும்.

சமரசத்துக்குப் போகும் முன், வட்டியில் எவ்வளவு விடலாம் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அசலில் விட வேண்டாம். தவணைக்கு ஒத்துக்கொண்டால், ஒரு தவணை தவறினாலும் முழு வட்டியோடு பாக்கி திரும்பும் என்ற வரியை எழுதி வாங்குங்கள்.

8. காத்திருக்காத கெடுக்கள்

மனு நடக்கிறதே என்று இவற்றை விட்டுவிடாதீர்கள்.

பார்ட்டி கொடுத்த காசோலை திரும்பினால், வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். இது தனிப் பாதை.

பார்ட்டி கம்பெனி என்.சி.எல்.டி.யில் (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில்) திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் கவுன்சில் விசாரணை நின்றுவிடும். பொது அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் இடைக்காலத் தீர்வாளரிடம் உங்கள் கோரிக்கையைப் பதிய வேண்டும்.

உங்கள் தொழிலாளிகளின் சம்பளமும் காத்திருக்காது. பார்ட்டி தரவில்லை என்பது சட்டத்தில் காரணமாகாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள். பணம் முடையாகும்போது பி.எஃப்.பைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த பணம் அது, அதைத் தொடவே கூடாது. வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கேட்கும்போது மனு எண்ணையும் நிலுவைப் பட்டியலையும் காட்டிப் பேசுங்கள்.

9. தீர்ப்பு வந்த பிறகு

பார்ட்டி தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். அதற்கு மூன்று மாதம், போதுமான காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள். ஆனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் அந்த மனு எடுக்கப்படும். அதிலிருந்து நியாயமான பகுதியை உங்களுக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம், அதைக் கேட்டு மனு போட மறக்காதீர்கள்.

எதிர்க்கவும் இல்லை, தரவும் இல்லை என்றால் நிறைவேற்று மனு. பார்ட்டியின் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே நேரடியாகப் போடலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிருஷ்ணகிரியில் போட்டு, அங்கிருந்து பெங்களூருவுக்கு மாற்றி என்று சுற்ற வேண்டாம்.

அந்த மனுவில் எந்தச் சொத்தை முடக்குவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுடைய வங்கிக் கணக்கு விவரத்துக்கு வேறெங்கும் தேடாதீர்கள். முன்பு ஒழுங்காகப் பணம் வந்த காலத்து உங்கள் வங்கி அறிக்கையை எடுங்கள். ஒவ்வொரு வரவிலும் இருக்கும் யு.டி.ஆர். எண்ணின் (பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் எண்) முதல் நான்கு எழுத்து பெரும்பாலும் பணம் அனுப்பிய வங்கியின் குறியீடாக இருக்கும். எந்தக் கிளை என்பதற்கு அவர்கள் கொடுத்த பழைய காசோலை நகலைப் பாருங்கள். அந்த இரண்டையும் வக்கீலிடம் கொடுத்தால் மனுவில் சேர்த்துவிடுவார்.